மாமி எடுத்துத் தந்த கல்யாணச் சேலை

மேலவிளை மாமியை எனக்குப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிப்போட்டா பிறகு வம்பில்ல. ஊர்ல யாருகிட்ட கேட்டாலும் "தங்கமான பெண்ணாக்கும்"னுதான் சொல்லுவாங்க. சத்தம் போட்டுப் பேச மாட்டா. அடுத்தவங்க வேலிக்க மேல எட்டிப் பார்க்க மாட்டா. யாருக்க பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் சுக்குவெள்ளம் போட்டுக் கொண்டு வருவா. எல்லாம் உண்டு. இருந்தாலும் பிடிக்காது.

அவளை நினைச்சா எனக்கு முதல்ல ஓர்மை வாறது அந்தப் பிடிதான். பாறசாலை ஜங்ஷன்ல ரோடு கடக்கும்போ மாமனுக்க இடது கையை மணிக்கட்டுல பிடிச்சிருப்பா. விரலோட விரல் கோத்து இல்ல. மணிக்கட்டு. சந்தையில வாங்கின கோழிக்க காலைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்களே, அந்த மாதிரி. ரோடு கடந்த பிறகும் விட மாட்டா, பஸ் ஏறி இருந்த பிறகும் விட மாட்டா. அதனால மாமன் வாட்சை வலது கையில கட்டினாரு. ஏன் மாமா வலது கையிலன்னு சின்னதுல நான் கேட்டேன். "இடது கை உனக்க மாமிக்குள்ளதாக்கும் மக்கா"ன்னு சிரிச்சாரு. நல்ல சிரிப்பு அவருக்கு. மாமியும் கூடச் சிரிச்சா.

ஊர்ப் பெண்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஏக்கமும் கொதியுமா வரும். "கெட்டி எத்தனை காலமாச்சு, இப்பவும் கைய விடாம கொண்டு போறா பாரு. எனக்கும்தான் ஒண்ணு வாய்ச்சிருக்கே, பத்தடி முன்னே நடக்கும், பின்னால வாறது பெண்டாட்டியா பேயான்னு திரும்பிப் பார்க்காது." இது எங்க அம்மா, அப்பாவைக் குத்துதது. அப்பா பீடியை எடுத்துக்கிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போயிடுவாரு.

மாமனும் மாமியும் பிரியப்பட்டுக் கெட்டினவங்க. மாமிக்க வீடு பெருங்கடவிளைப் பக்கம். நெல்லும் தேங்காயும் மாடும் உள்ள வீடு. மாமன் நூல்வண்டி ஓட்டினவரு. பாலராமபுரத்து முதலாளி ஒருத்தருக்க வேனில நூல்கட்டை ஏத்திக்கிட்டுப் போய், தறி உள்ள வீடுகள்ல இறக்கி, நெய்த துணியை எடுத்துக்கிட்டு வாறது அவருக்க வேலை. கோயில் உற்சவத்துல ரெண்டு பேரும் பார்த்திருக்காங்க. மாமிக்க அப்பன் ஒத்துக்கல. மாத்திக் கெட்ட ஒரு சேலை கூட எடுக்காம இவ இறங்கி வந்துட்டா. அப்பன் அதுக்குப் பிறகு இவளை வாசல்படி ஏத்தல. தாய் செத்தப்போ கூட தெரு முக்கில நின்னு பார்த்துட்டுத் திரும்பி வந்தாளாம்.

இப்படி எல்லாம் விட்டு வந்தும் பிரியாம இருக்காங்கன்னு எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டாச்சு. எந்த வீட்டில கல்யாணம்னாலும் பெண்ணுக்குள்ள சேலையை மாமனும் மாமியும் சேர்ந்து போய் எடுக்கணும். அவங்க ரெண்டு பேரும் தொட்டு எடுத்த சேலையில கல்யாணம் நடந்தா அந்தக் குடும்பம் பிரியாதுன்னு ஒரு நம்பிக்கை. மாப்பிள்ளை வீட்டார் திருவனந்தபுரத்துல உள்ள பெரிய கடையைச் சொன்னாலும் எங்க ஆளுக கேட்காது. "சேலை எங்க மேலவிளை மாமி எடுக்கணும், பாலராமபுரத்துல தறியில இருந்தே எடுக்கணும்"னு கட்டாயமா சொல்லிடுவாங்க. கல்யாணப் பந்தலில மாமியைச் சுத்திப் பெண்கள் கூட்டம். "மாமி, அந்த வித்தையை எங்களுக்கும் சொல்லித் தாருங்களேன்." மாமி தலையைக் குனிஞ்சு சொல்லுவா, "வித்தை ஒண்ணும் இல்ல மக்கா. பிடிச்ச கைய விடப்படாது. அவ்வளவுதான்."

மழை பெய்தா மாமி வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கும் அப்போ. சீனிக்கிழங்கு அவிச்சுத் தருவா. மாமனுக்குப் பால் விடாத கட்டங்காப்பி. கிளாசை அவருக்க கையில கொடுத்துட்டு, வெளிய மழையைப் பார்த்துக்கிட்டு, மெதுவா கேட்பா. "அங்க இப்ப தறிக்குழியில வெள்ளம் ஏறியிருக்கும், இல்லியா?"

பாலராமபுரத்துத் தறிக்குத் தரையில குழி உண்டு. நெய்யுதவங்க குழிக்குள்ள காலை விட்டு, மிதியை மிதிச்சு நெய்யணும். மழைக்காலம் குழியில ஊத்து வரும், காலெல்லாம் சேற்றுப்புண்ணு வரும். மாமி பாவம், யாருக்கோ வேண்டி வருத்தப்படுதான்னு நான் நினைச்சேன். மாமன் காப்பியைக் குடிக்காம தரையில வெச்சிடுவாரு. "ஆறிப் போவும், குடியுங்க"ன்னு மாமி கிளாசை எடுத்துத் திரும்ப அவருக்க கையில வெப்பா. அவரு குடிப்பாரு. அடுத்த மழைக்கும் அதே கேள்வி, அதே குரல்.

எனக்குக் கல்யாணம் நிச்சயிச்சது அந்தத் தொண்ணூறுகளுக்க நடுவுல. மாப்பிள்ளை நெய்யாற்றின்கரை. சேலை எடுக்க நான், அம்மா, மாமன், மாமி நாலு பேருமா பஸ் ஏறினோம். மாமி ஜன்னல் பக்கம், மாமன் நடுவுல, அம்மா இந்தப் பக்கம். மணிக்கட்டு வழக்கம்போல மாமிக்க கையில. பாலராமபுரத்துல இறங்கி ஒரு சந்து வழியா நடந்தோம். மாமன் கால் பின்னிப் பின்னி நடந்தாரு. "அவியளுக்கு முட்டுவலி"ன்னு மாமி சொன்னா. அங்க வாறது வரை அவருக்கு முட்டுவலி ஒண்ணும் கிடையாது.

ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. முன்னறை முழுக்கத் தறி. குழிக்குள்ள காலை விட்டு ஒருத்தி இருந்து நெய்துகிட்டிருந்தா. மெலிஞ்ச உருவம், காதோரம் நரைச்சிருந்தது, கழுத்தில தாலி இல்ல. எங்களைப் பார்த்ததும் தறிச்சத்தம் நின்னது. எழும்பி வந்தா. யாரையும் நிமிர்ந்து பார்க்கல. உள்ளே போய் எனக்குள்ள சேலையை எடுத்துக்கிட்டு வந்தா. எங்க அம்மா வாயைப் பொத்தினா, அவ்வளவு அழகு. சந்தன நிறத்தில சேலை, கையகலத்துக்குக் கசவுச் சரிகை, முந்தியில சின்னச் சின்ன மாங்கா. நான் அப்படி ஒரு துணியை அதுக்கு முன்னேயும் பார்த்ததில்ல, பிறகும் பார்த்ததில்ல.

அவ அதைத் தரையில கிடந்த பாயில வெச்சா.

"தரையில வைக்கப்படாது பிள்ளே"ன்னு மாமி சொன்னா. "கல்யாணச் சேலையில்லியா. அவியளுக்க கையில கொடு. அவியளுக்குக் கைராசி உண்டு."

அவ குனிஞ்சு சேலையை எடுத்தா. மாமன் ரெண்டு கையையும் நீட்டினாரு. அன்னைக்குத்தான் மாமி அந்த மணிக்கட்டுப் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தா, விடல. ஒரு பக்கத்துல மாமி பிடிச்சிருக்க, நீட்டின கையில நெய்யுதவ சேலையை வெச்சா. மாமிக்க கண்ணு சேலையிலே இல்ல. அந்த நாலு கைக்க விரலையும் பார்த்துக்கிட்டே நின்னா. நெய்யுதவ தனக்க விரல் மாமன் விரல்ல படாம இருக்க, சேலைக்க அடியில இருந்து கையை உருவி எடுத்தா. மாமன் சேலையைக் கீழ வைக்கவும் இல்ல, எனக்குத் தரவும் இல்ல. "இனி ஆசீர்வாதம் பண்ணி நம்ம பெண்ணுக்குக் கொடுங்க"ன்னு மாமி சொன்னா. "வேற எங்க போனாலும் இப்படி நெய்ய ஆளில்ல, இல்லியா?"

"இல்ல"ன்னு மாமன் சொன்னாரு.

எனக்கு அங்கேயே விளங்கிப் போச்சு. எல்லாம் இல்ல, பாதி. மீதிப் பாதியை அம்மா திரும்ப வாற பஸ்ஸில சொன்னா. மாமனும் மாமியும் முன்சீட்டில இருக்க, அம்மா எனக்க காதில குசுகுசுத்தா.

மாமியைக் கெட்டிக் கொஞ்ச காலத்துல மாமன் இந்தத் தறிக்காரி வீட்டில போய் இருந்துட்டாராம். நூல் கொண்டு போய்க் கொண்டு போய் உண்டான பழக்கம். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கதான். ஊரே மாமியைப் பார்த்துப் பாவம் பாவம்னு சொல்லிச்சு. ஒரு நாள் காலையில மாமி குளிச்சு, பொட்டு வெச்சு, தனியா பஸ் ஏறிப் போனா. அழல, ஏசல. அந்த முன்னறையில நின்னு, "போவோமா"ன்னு மாமனுக்க மணிக்கட்டைப் பிடிச்சா. வாசல்ல வந்து திரும்பி நின்னு தறிக்காரிகிட்ட சொன்னாளாம், "நல்லா நெய்யுதியே பிள்ளே. ஓணத்துக்கு எனக்கு ஒண்ணு நெய்து வை. நாங்க ரெண்டு பேருமா வந்து வாங்கிக்கிடுதோம்."

அந்த ஓணத்துக்குப் போனா. அடுத்த ஓணத்துக்கும் போனா. பிறகு ஊர்க் கல்யாணங்களும் கூடிச்சு.

"இதெல்லாம் முன்னேயே உனக்குத் தெரியுமா?"ன்னு அம்மாகிட்ட பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

"ஊருக்கே தெரியும்டி. அந்தப் பெண்ணுக்கும் பிழைப்பு நடக்குது, மாமியும் மன்னிச்சாச்சு. இதிலே உனக்கென்ன கேடு? சேலை நல்லாயிருக்கா இல்லியா?"

"நல்லாயிருக்கு."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இரு."

இதாக்கும் எங்க ஊரு. மன்னிச்சாளாம்! மன்னிச்சவ இப்படியா கூட்டிக்கிட்டு வருவா? ஒருத்தரை அடிச்சுப் போட்டா அஞ்சு நிமிசத்துல தீர்ந்துபோகும். இது வருசத்துக்கு வருசம் சந்தனமும் பூவும் வெச்சுச் செய்யுத கொலை. எங்க ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சேலையை உடுத்துக்கிட்டுத்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டினோம். நானும் உடுத்தேன். பின்னே அவுத்துப் போட்டுட்டா நிக்க முடியும்?

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை எனக்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். அவருக்கு முன்கோபம், எனக்கும் ஒண்ணும் குறைவில்ல. கேள்விப்பட்டு மாமி வந்தா. கையில வாழைக்காப்பம் ஒரு கிண்ணம். பக்கத்துல இருந்து எனக்க தலையைத் தடவினா.

"விட்டுட்டு வந்தா யாருக்கு மக்கா லாபம்? அவனுக்கு விடுதலை. அதை நீ என்னத்துக்குச் சும்மா கொடுக்கணும்?"

கேட்டே விட்டேன். "மாமி, அந்தத் தறிக்காரிகிட்ட போய் எதுக்கு சேலை எடுக்குதியோ? வேற தறியே இல்லியா?"

மாமிக்க முகம் ஒண்ணும் மாறல. எல்லாருக்கும் பதில் சொல்லுத அதே குரல்ல சொன்னா. "இவியளைக் காணாமலே இருந்தா அவ மறந்து வேற ஒருத்தனைக் கெட்டியிருப்பா. அவ கெட்டிப் போயிட்டான்னு தெரிஞ்சா இவியளுக்கும் மனசு ஆறிப்போவும். ரெண்டும் நடக்கப்படாது. ஒரு ஓணம், ரெண்டு மூணு கல்யாணம். அவ வேண்டாம்னு சொல்ல மாட்டா. சொன்னா பிறகு இவியளைக் காண முடியாதே."

"இது பாவமில்லியா மாமி?"

"நான் உடுத்த சேலையோட இறங்கி வந்தவளாக்கும்"ன்னு மாமி சொன்னா. அப்போ மட்டும் குரல் கொஞ்சம் இடறிச்சு. "நீ சண்டை போட்டா உனக்கு வர ஒரு வீடு உண்டு. இவிய அங்க போய்க் கிடந்தப்போ எனக்கு எங்க உண்டு மக்கா? அந்த மழைக்காலம் இந்த வீட்டில நான் எப்படிக் கிடந்தேன்னு அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாண்டாமா?"

அவளுக்காக எனக்கு வருத்தம் வந்தது. இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிப்போவும். அந்த வருத்தம் வந்த அளவுக்குப் பயமும் வந்தது. விடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்காரர்கிட்ட போயிட்டேன். அவரு கத்தினாரு, நான் அதுக்கு மேல கத்தினேன், சோறு வடிக்குததுக்குள்ள தீர்ந்து போச்சு. மாமி வீட்டில ஒரு நாளும் சத்தம் கேட்டதில்ல.

மாமனைப் பற்றியும் ஒண்ணு சொல்லணும். கெட்டிப் போன பெண்கள் ஊருக்கு வந்தா எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்பாரு. புருசன் சுகமா, பிள்ளை உண்டான்னு இல்ல. "சேலை இருக்கா மக்கா? கிழியலியே?" கிழவனுக்குச் சேலைப் பைத்தியம்னு பெண்கள் சிரிக்கும். நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தப்போ எனக்கிட்டயும் கேட்டாரு. "இருக்கு மாமா, பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன்"னேன். "வெயில் காட்டி வை. மடிப்பை மாத்தி மாத்தி வெக்கணும். இல்லன்னா கசவு ஒடிஞ்சு போவும்"னாரு. சொல்லிக்கிட்டிருக்கும்போ மாமி பின்னால வந்து நின்னா. அவரு இடது கையை அவராவே நீட்டிக் கொடுத்தாரு.

அந்தக் கைதான் முதல்ல விழுந்தது. பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போச்சு, பேச்சும் போச்சு. மாமி அவரைப் பார்த்த மாதிரி யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டாங்க. குளிப்பாட்டி, துடைச்சு, கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்து, உடம்பில ஒரு புண்ணு வர விடல. ஊர் திரும்பவும் புகழ்ந்தது. "பெண்டாட்டின்னா இவளாக்கும்." அந்த வருசத்து மழையிலயும் நான் அங்க போயிருந்தேன். மாமி அவருக்க வாயைத் துடைச்சுக்கிட்டே கேட்டா, "அங்க இப்ப தறிக்குழியில வெள்ளம் ஏறியிருக்கும், இல்லியா?" அவருக்குத் தலையைத் திருப்ப முடியல. கண்ணை மூடிக்கிட்டாரு.

மழை விட்டு வெயில் வந்த பிறகு மாமன் போயிட்டாரு. காலையில செய்தி கேட்டு நான் ஓடி வந்தேன். முற்றத்தில வாழையிலை போட்டுக் கிடத்தியிருந்தாங்க. எங்க பக்கத்துல சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா புதுத்துணி கொண்டு வந்து உடம்புக்க மேல போடுவாங்க. கோடி போடுததுன்னு பேரு. அதுதான் கடைசி உறவு. அது கழிஞ்சா தூக்கிடுவாங்க. மாமி முதல்ல போட்டா. பிறகு அண்ணன் தம்பிமாரு, மருமக்கமாரு. எல்லாரும் போட்டு முடிஞ்சு, "இனி யாராவது உண்டா?"ன்னு குடும்பத்துல மூத்த காரணவர் ஒருத்தர் கேட்டாரு. யாரும் வரலன்னா தூக்க வேண்டியதுதான்.

பலாமரத்துக்க கீழ அவ நின்னுகிட்டிருந்தா. தறிக்காரி. எப்போ வந்தான்னு தெரியல. கக்கத்துல பேப்பர்ல பொதிஞ்ச ஒரு பொதி. கூட்டம் விலகிக் கொடுத்தது. முன்னால வந்தா. உடம்பைப் பார்க்கல, மாமியைத்தான் பார்த்தா.

"சேச்சி, ஒரு கோடி போட்டுட்டுப் போறேன்."

வேற ஒண்ணும் அவ கேட்கல. சொத்தோ, உரிமையோ ஒண்ணும். ஒரு துணியை அந்த மனுசனுக்க மேல போடணும், அவ்வளவுதான். செத்தவனுக்கு இனி என்ன, போடட்டும்னு எங்க அம்மாவே முணுமுணுத்தா.

மாமி எழும்பி வந்தா. பொதியை வாங்கி, பேப்பரைப் பிரிச்சு, துணியை விரிச்சு வெயிலுக்கு நேரே பிடிச்சா. வெள்ளைக் கோடி. கரையில மட்டும் நூல் போல கசவு. விரல் நகத்தால கரையை நீவிப் பார்த்தா.

"நல்லா நெய்திருக்கியே பிள்ளே. இது ஒரு நாள்ல முடியுத வேலை இல்லியே. அவிய உயிரோட கிடக்கும்போதே தொடங்கிட்டியா?"

முற்றம் முழுக்கக் கேட்டது. அவளுக்க முகம் செத்துப் போச்சு. படுத்துட்டாருன்னு கேட்ட அன்னைக்கே இதுக்குத் தறியில பாவு போட்டிருப்பா. வேற எதைக் கொண்டு அவ அழ முடியும்? அதை மாமி ஒரே வாக்கில சாபம் போட்ட மாதிரி ஆக்கிட்டா. நாலஞ்சு கிழவிகள் "சீ"ன்னது எனக்குக் கேட்டது.

மாமி துணியை மடிச்சா. மடிச்சு, உடம்புக்குப் பக்கத்துல போகாம, தனக்க இடுப்பில சேர்த்து வெச்சா. "அவியளுக்குப் போட்டது போதும். இது எனக்கிருக்கட்டும். நான் செத்தா நீ வந்து இதை எனக்க மேல போடணும்." சொல்லிக்கிட்டே இன்னொரு கையால அவளுக்க மணிக்கட்டைப் பிடிச்சா. அதே பிடி. "வருவியா? எல்லாருக்க முன்னாலயும் வாக்குச் சொல்லு."

கொன்னுட்டியே பாவின்னு மனசுக்குள்ள கத்தினேன்.

தறிக்காரி நிமிர்ந்தா. நான் அவளுக்க கண்ணைப் பார்த்ததே அன்னைக்குத்தான்.

"வாறேன் சேச்சி"ன்னா. "இத்தனை காலம் நீங்க சொன்னதுக்கெல்லாம் நெய்து தந்தவ இல்லியா, இதுக்கு வர மாட்டேனா? என்னை ரொம்ப நாள் காக்க வைக்காதிங்க. சீக்கிரம் கூப்பிடுங்க."

மாமி விரலை விரிச்சா. அவ பிடியை விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தறிக்காரி கையை எடுத்துக்கிட்டு, கூட்டத்துக்க நடுவிலே, வந்த வழியே நடந்து போனா. பேப்பர் மட்டும் முற்றத்தில கிடந்தது.

மாமி கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துக்கிட்டே நின்னா. பிறகு போய் மாமனுக்குப் பக்கத்துல இருந்தா. மேல போட்டிருந்த கோடிகளை ஒவ்வொண்ணா விலக்கி, அந்த இடது கையைத் தேடி எடுத்து, மணிக்கட்டுல பிடிச்சா. "நேரமாச்சு, விடுங்க மாமி"ன்னு தூக்க வந்தவங்க சொல்லிச் சொல்லிப் பார்த்தாங்க. கடைசியில ரெண்டு ஆம்பிளைகள் குனிஞ்சு இருந்து அவளுக்க விரலை ஒவ்வொண்ணா பிரிக்க வேண்டி வந்தது.